மாநாட்டுப் பயணமும் வீட்டு நாட்காட்டியும்

லினக்ஸ் என்னும் பெயரைக் கணிப்பொறி அறிவியல் பயிலும் நம் மாணவர் அனைவரும் அறிவர். பிற துறை மாணவர்களோ பெயரை அறியாமலே அதனை நாள்தோறும் பயன்படுத்தி வருகின்றனர். அவர்களுடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருந்து இயக்குவது லினக்ஸின் கருநிரலே ஆகும். 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது இளைஞர் அதனை எழுதத் தொடங்கினார். உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் எழுதி அனுப்பும் திருத்தங்களுக்கு இறுதி ஒப்புதல் தருவது இன்றும் அவருடைய பொறுப்பு. அப்படிப்பட்டவர் 2018-ஆம் ஆண்டில் நம்மில் எவரும் செய்யக்கூடிய ஒரு சிறு பிழையைச் செய்தார். கருநிரலைப் பேணும் முதன்மையானவர்கள் ஆண்டுக்கொரு முறை கூடும் கூட்டம் கனடா நாட்டு வான்கூவர் நகரில் நடப்பதாக இருந்தது. நாட்காட்டியைச் சரியாகப் பாராமல், அதே வேளையில் குடும்பத்துடன் சுற்றுலா செல்ல ஏற்பாடு செய்துவிட்டார் லினஸ்.

பிழை தெரிய வந்ததும், "நான் இல்லாமலே கூட்டத்தை நடத்திக்கொள்ளுங்கள்" என்னும் கருத்துப்பட அவர் சொல்லிப் பார்த்தார். மற்றவர்கள் ஏற்கவில்லை. ஏறத்தாழ முப்பது பேர் கூடும் அக்கூட்டத்தை அட்லாண்டிக் கடலுக்கு இப்பால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு மாற்றி, அக்டோபர் 22-ஆம் நாள் வைத்துக்கொண்டார்கள். ஒருவருடைய வீட்டு நாட்காட்டிக்காக ஒரு மாநாடு கண்டம் விட்டுக் கண்டம் போனது. இது வியப்பான செய்திதான். ஆயினும் அதனினும் வியப்பானது, செப்டம்பர் 16-ஆம் நாள் அவர் எல்லாரும் படிக்கும்படி எழுதிய மடல். தேதியைக் குழப்பிக்கொண்டது வெட்கமாக இருந்தாலும், இருபது ஆண்டுகளாக ஆண்டுதோறும் போய்வந்த அக்கூட்டத்துக்கு இம்முறை போகாமல் தப்பலாம் என்ற நினைப்பே தம் மனத்தில் மிகுந்திருந்ததாக அவர் அதில் ஒப்புக்கொண்டார். அப்படி நினைப்பது நல்ல அறிகுறி அன்று என்று பின்னர் உணர்ந்ததாகவும், பிறரிடம் கடுமையாக நடந்துகொண்டதற்கு வருந்துவதாகவும், சிறிது காலம் விலகியிருக்கப் போவதாகவும் எழுதினார்.

இந்நிகழ்ச்சியை நான் முதலில் கூறியதற்குக் காரணம் உண்டு. கட்டற்ற மென்பொருள், திறந்த மூல மென்பொருள் என்றெல்லாம் நாம் பெருமையாகப் பேசுகிறோம். அதில் பங்கு கொள்ளுங்கள் என்று மாணவர்களுக்கு அறிவுரை கூறுகிறோம். ஆனால், அப்பணியில் ஈடுபடுவோர் வீட்டில் எத்தனை நாள் இருக்கிறார்கள், பண்டிகைக்கு வருகிறார்களா, அவர்கள் ஊரில் இல்லாதபோது அவர்களுடைய வேலையை யார் பார்க்கிறார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. நம் கல்லூரியிலிருந்து இத்துறைக்குப் போகும் மாணவர்கள் ஆண்டுதோறும் பெருகி வரும் இந்நாளில், அதனை அறிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் ஓர் ஐயம் எழும். எல்லாமே இணையத்தின் வழி நடைபெறும் பணிக்கு மாநாடு எதற்கு? ஒருவர் சென்னையில் இருந்து நிரல் எழுதுகிறார். அதனைப் பிரேசிலில் ஒருவர் திருத்துகிறார். செக் நாட்டில் ஒருவர் ஏற்கிறார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே பத்தாண்டு பணியாற்ற முடியும். உண்மைதான். ஆனால் எழுத்தில் மட்டுமே பழகுவோரிடையே சிறு கருத்து வேற்றுமையும் பெரும் பகையாக வளர்ந்துவிடும். ஆறு மாதம் மடல்களில் நீண்ட சண்டை, ஒரு குவளைத் தேநீரோடு அரை மணி நேரத்தில் தீர்ந்துபோவதை இத்துறையினர் பலரும் சொல்லக் கேட்கலாம். மேடையில் நடக்கும் சொற்பொழிவைவிடத் தாழ்வாரத்தில் நடக்கும் பேச்சே மாநாட்டின் பயன் என்பது அவர்களிடையே பழமொழி போல வழங்கி வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அது பலர் அறியாதது. டெபியன் என்று ஒரு பெரிய மென்பொருள் தொகுப்பு இருக்கிறது. முழுக்க முழுக்கத் தன்னார்வத் தொண்டர்களால் நடத்தப்படுவது. அதில் முழு உறுப்பினராகச் சேர விரும்புவோர் தமக்கென ஒரு மறைக்குறித் திறவுகோலை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அது உண்மையில் அவருடையதுதான் என்று ஏற்கெனவே உறுப்பினராய் இருப்போர் தம் திறவுகோலால் சான்று இட வேண்டும். இதற்கு வழக்கமான முறை, நேரில் சந்தித்து, கடவுச்சீட்டையோ வேறு அடையாளச் சீட்டையோ காட்டுவதுதான். முகம் அறியாத உலகில் நம்பிக்கையின் ஆணிவேர் இந்த நேர்ச் சந்திப்பில் இருக்கிறது. எனவே, உறுப்பினர்கள் மிகுந்த பெர்லினில் வாழ்பவருக்கு மாநாடு ஒரு விருப்பம். உறுப்பினர் எவரும் அருகில் இல்லாத சிற்றூரில் வாழ்பவருக்கு அது ஏறக்குறைய ஒரு கட்டாயம்.

இனி இம்மாநாடுகளின் காலத்தை நோக்குவோம். பெல்ஜியத் தலைநகர் பிரசல்சில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், ஜனவரி இறுதியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ ஒரு சனி, ஞாயிறில் ஃபாஸ்டெம் என்னும் மாநாடு 2001 முதல் நடைபெறுகிறது. கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவுகூட இல்லை, ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். டெபியன் குழுவினரின் டெப்கான்ஃப் மாநாடு ஆண்டுக்கு ஒரு நாடாகச் சுற்றி வருவது. 2023 செப்டம்பரில் அது கேரளத்துக் கொச்சியில் நடைபெற்றது; 2024-இல் கொரியாவின் பூசான், 2025-இல் பிரான்சின் பிரெஸ்ட். ஜெர்மனியில் 1984-இல் தொடங்கிய கேயாஸ் கழகத்தின் பேரவை டிசம்பர் 27 முதல் 30 வரை, அதாவது கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் கூடுவது. அலுவலகங்கள் மூடிக் கிடக்கும் நாள்கள். எனவே வருவது எளிது. ஆனால் அந்நாட்டில் மகனும் மகளும் பெற்றோர் வீட்டுக்கு வந்து தங்கும் நாள்களும் அவையே அன்றோ! 'எளிது' என்பது யாருக்கு எளிது என்று கேட்கத் தோன்றுகிறது.

நம்மவர் நிலை வேறு விதம். மாநாட்டு நாளைக் குறிப்போர் கிறிஸ்துமசு நாளையாவது விட்டுவைக்கிறார்கள். பொங்கலும் தீபாவளியும் அவர்கள் நாட்காட்டியில் வெறும் நாள்கள். ஆஸ்திரேலியாவின் லினக்ஸ் மாநாடு 2020-இல் ஜனவரி 13 முதல் 17 வரை கோல்டு கோஸ்ட் நகரில் நடந்தது. நமக்குப் பொங்கல் 15-ஆம் தேதி. 2023-இல் லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாடு அமெரிக்காவின் ரிச்மண்டு நகரில் நவம்பர் 13-இல் தொடங்கிற்று. தீபாவளி 12-ஆம் தேதி. தமிழ்நாட்டிலிருந்து அதற்குப் போக நினைத்தவர் எண்ணெய்க் குளியலை எங்கே முடித்திருப்பார்? விமான நிலையத்தில்தான்! இதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. உலகில் எந்த வாரத்தை எடுத்தாலும் யாரோ ஒருவருக்குப் பண்டிகை வரத்தான் செய்யும். ஆனால், விட்டுக்கொடுப்பவர் எப்போதும் ஒரே திசையில் இருப்பவராக அமைவது கவனிக்கத்தக்கது.

நம் குடும்ப வழக்கத்தாலும் ஒரு சிக்கல் விளைகிறது. மாநாட்டின் தேதி ஓராண்டுக்கு முன்னரே தெரிந்துவிடுகிறது. உரையாற்ற விரும்புவோர் பல மாதங்களுக்கு முன்னரே எழுதிக் கொடுத்து ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீட்டுத் திருமணமோ பெண் பார்த்து, பஞ்சாங்கம் பார்த்து, மண்டபம் கிடைத்து, இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் உறுதியாகும். ஆகவே மோதல் நிகழும்போதெல்லாம் முதலில் வாக்குக் கொடுக்கப்பட்டது மாநாட்டுக்கே என்றாகிறது. "அத்தை மகள் கல்யாணத்தைவிட உனக்கு அதுவா பெரிது?" என்று தாய் கேட்கும்போது, எது பெரிது என்பது வழக்கே அன்று, எது முந்தியது என்பதே வழக்கு என்று விளக்கிச் சொல்ல எந்தப் பிள்ளையாலும் முடிவதில்லை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு அலுவலகத்தில் ஆண்டுக்குப் பதினெட்டு நாள் விடுப்பு என்று வைத்துக்கொள்வோம். அலுவலகப் பணியும் மாநாடும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றால், நிறுவனமே அனுப்பிவைக்கும். தன்னார்வத் தொண்டருக்கு அது கிடையாது. சொந்த விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். டெப்கான்ஃபுக்கு முன்னர் ஒரு வாரம் கூடியிருந்து வேலை செய்யும் முகாம் உண்டு. அதனையும் சேர்த்தால் இரண்டு வாரம். வேலை நாள் பத்து, போக்குவரத்துக்கு இரண்டு. மிச்சம் ஆறு. தீபாவளிக்கு இரண்டு, பொங்கலுக்கு இரண்டு, உறவினர் திருமணத்துக்கு இரண்டு. காய்ச்சல் வருவதற்கு நாள் ஒதுக்கவில்லை. வராது என்று நம்ப வேண்டியதுதான். பிரசல்சு மாநாடு வார இறுதி இரண்டு நாள்தானே என்று தோன்றும். அதற்கும் வியாழன் இரவு புறப்பட்டுச் செவ்வாய் திரும்புவதற்குள் மூன்று நாள் விடுப்புக் கரைந்துவிடும்.

நுழைவு அனுமதியை எண்ணினால் கணக்கு இன்னும் நீளும். ஐரோப்பாவின் செங்கன் நாடுகளுக்குச் செல்ல, பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குள் விண்ணப்பித்தால் ஏற்கமாட்டார்கள். முடிவு பதினைந்து நாளில் வரலாம். சில வேளைகளில் நாற்பத்தைந்து நாளும் ஆகலாம். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டாலும் திரும்பத் தரப்படமாட்டாது. அதுவரை கடவுச்சீட்டு அவர்களிடம் இருக்கும். அந்த இடைவெளியில் சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்தாலும் போய்ப் பார்க்க இயலாது. ஜெர்மானியரோ பிரான்சுக்காரரோ வெள்ளி மாலை புகைவண்டி ஏறி வந்துவிடும் அதே மாநாட்டுக்கு, நம்மவர் செலவிடும் காலத்தின் அளவு இதுதான். நான் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் சேர்க்க வேண்டியதைச் சேர்க்கிறேன், அவ்வளவே.

பணத்தைப் பொறுத்தவரை நிலைமை பரவாயில்லை எனலாம். டெபியன், பைத்தான், க்னோம் முதலிய அமைப்புகள் பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவித்தொகை வழங்குகின்றன. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்த உதவித்தொகையும் விடுப்பைத் தருவதில்லை. வீட்டில் இருப்பவருடைய உழைப்பை ஈடுசெய்வதும் இல்லை.

கட்டுரையின் உயிர்ப்பகுதி என்று நான் கருதுவது இதனைத்தான். ஒருவர் பத்து நாள் வெளியூர் போகிறார் என்றால், அந்தப் பத்து நாளும் அவருடைய வேலை காற்றில் நின்றுவிடுவதில்லை; யாரோ ஒருவர் அதனைச் செய்கிறார். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது, முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, தண்ணீர் வராத நாளில் குடத்தைத் தூக்குவது ஆகியவற்றை மனைவியோ தாயோ தங்கையோ ஏற்றுக்கொள்கிறார். பயணம் முடிந்து வந்தவர் மேடையில் நின்று, மாநாட்டுக்கு உதவியவர்கள் என்று நிறுவனங்களின் பெயர்களை வாசிக்கிறார். உண்மையில் பெரிய உதவியைச் செய்தவர் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.

வீட்டில் அப்படி ஏற்றுக்கொள்ள ஆள் இல்லாதவர் போகாமலே நின்றுவிடுகிறார். அவர் பெரும்பாலும் பெண்ணாக இருக்கிறார். மாநாடுகளில் பெண்கள் குறைவு என்று வருந்துவோர், அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நடைபெறும் பைகான் மாநாட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் அமைத்தார்கள். கேயாஸ் பேரவையில் பிள்ளைகளுக்கென்று தனியிடம் உண்டு. ஒரு பெரிய சொற்பொழிவாளரை வரவழைப்பதைவிட இத்தகைய ஏற்பாடே ஒரு மாநாட்டின் தரத்தைக் காட்டும் என்பது என் கருத்து.

குடும்பத்தையும் உடன் அழைத்துச் சென்றுவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். நல்ல யோசனைதான், ஆனால் அதில் ஓர் ஏமாற்று ஒளிந்திருக்கிறது. மாநாட்டு நாள் காலை ஒன்பதுக்குத் தொடங்கி, இரவு உணவுக்குப் பின்னும் பேச்சாகத் தொடரும். கணவர் மாநாட்டில் இருக்க, அறிமுகம் இல்லாத நகரில், மொழி தெரியாமல், இரு குழந்தைகளுடன் விடுதி அறையில் அமர்ந்திருப்பதற்குச் சுற்றுலா என்று பெயர் சொன்னால், உடன் சென்றவர் ஒப்புக்கொள்வாரா? மாநாடு முடிந்த பின் நான்கு நாள் தனியே ஒதுக்கி, அந்நாள்களில் கணிப்பொறியைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தால் அது சுற்றுலா. லினக்சுக்குப் பென்குவின் சின்னம் வந்த கதையை நினைவு கூரலாம். லினஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தபோது கான்பெராவின் விலங்குக் காட்சிசாலையில் ஒரு சிறிய பென்குவின் அவரைக் கொத்தியது என்பார்கள். அந்த நினைவே பின்னர், 1996-இல், லேரி யூயிங் வரைந்த டக்ஸ் என்னும் பென்குவின் படத்துக்கு வழிவகுத்தது. சொற்பொழிவு அரங்கிலேயே நாள் முழுதும் அடைந்து கிடந்திருந்தால் நமக்கு அந்தப் பறவை கிடைத்திராது!

மென்பொருள் பக்கத்திலும் இதே கேள்விதான்: ஒருவர் போனால் யார் பார்த்துக்கொள்வது? 2018-இல் லினஸ் விலகி நின்றபோது கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்பவர் பொறுப்பேற்றார். கருநிரலின் 4.19 பதிப்பை அக்டோபர் 22 அன்று, எடின்பரோவில் கூட்டம் நடந்த அதே நாளில், அவரே வெளியிட்டார். எதுவும் இடிந்து விழவில்லை. லினஸ் திரும்பி வந்து அடுத்த பதிப்பின் வேலையைத் தொடங்கினார். பல ஆண்டுகளாக ஒருவருக்கு ஒருவர் ஈடுகொடுக்கும்படி பணியைப் பழக்கி வைத்திருந்ததே அதற்குக் காரணம். அங்கே ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வெளிவருவது முறை. விடுமுறைக் காலம் இடையில் வந்தால் ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்வதும் உண்டு. 5.16 பதிப்பு அப்படித்தான் 2022 ஜனவரி 9-ஆம் நாள் வரை காத்திருந்தது. உலகின் வங்கிகளும் தொலைபேசிகளும் நம்பியிருக்கும் மென்பொருளே ஒரு வாரம் பொறுக்கிறது என்றால், நம்முடைய சிறிய நிரல்களும் பொறுக்கும் அல்லவா?

ஈடு கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் நேர்வது வேறு. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருளை ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் ஊதியம் இன்றிப் பல ஆண்டுகள் பேணி வந்தார். மன நலக் குறைவால் முன்போல் செய்ய இயலவில்லை என்று 2022-இல் அவர் எழுதியபோது, இரங்குவதற்குப் பதிலாக வேகம் போதாது என்று நெருக்கினார்கள் சிலர். உதவ வந்ததாகக் காட்டிக்கொண்ட ஒருவர் மெல்ல மெல்லப் பொறுப்பைப் பெற்று, உள்ளே திருட்டு வழி ஒன்றைப் பொருத்திவிட்டார். தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரஸ் ஃபிராயின்டு என்னும் பொறியாளர் 2024 மார்ச் 29 அன்று அதனை வெளிப்படுத்தினார். அது புனித வெள்ளி. பழைய பொறுப்பாளர் அப்போது விடுமுறையில் இருந்தார். தற்செயலாக மடல்களைப் பார்த்தபோதுதான் குழப்பம் தெரிந்தது என்று மறுநாள் எழுதினார். ஓய்வு தேவைப்பட்ட ஒருவருக்கு ஓய்வு கொடுக்கத் தெரியாத சமுதாயம் என்ன விலை கொடுக்க நேர்ந்திருக்கும் என்பதை அந்த அரை நொடி காட்டிக்கொடுத்தது.

2020-இல் தொற்று நோய் பரவியபோது மாநாடுகள் யாவும் இணையத்துக்கு வந்தன. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடக்க இருந்த டெப்கான்ஃப் அவ்வாறே நடந்தது. ஃபாஸ்டெம் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டும் அவ்வாறே. இனிப் பயணமே வேண்டாம், சிக்கல் தீர்ந்தது என்று கூடச் சிலர் எண்ணினர். தீரவில்லை. பிரசல்சில் மாலை ஆறு மணிக்கு நடக்கும் உரை நமக்கு இரவு பத்தரை. அமெரிக்க மாநாடு என்றால் விடியும் வரை. வெளியூர் போனவரிடம் வீட்டில் எவரும் வேலை சொல்வதில்லை. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணிப்பொறி முன் அமர்ந்திருப்பவரிடமோ, "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், கடைக்குப் போய் வா" என்பார்கள். தாழ்வாரப் பேச்சும் அங்கே இல்லை. திறவுகோலுக்குச் சான்று பெறுவதும் கடினம். ஆனால் ஒரு நன்மை விளைந்தது. உரைகளை நேரலையாகவும் பதிவாகவும் தருவதற்கு முன்பே இருந்த வழக்கம் வலுப்பெற்றது. கேட்பதற்காக மட்டும் போக நினைப்பவர் இன்று போகத் தேவையில்லை. சந்திப்பதற்காகவே போக வேண்டும். இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஆண்டுக்கு நான்கு மாநாடு என்று நினைத்தவருக்கு ஒன்று போதும் என்று தெரிய வரும். அந்த ஒன்றையும், விண்ணப்பம் எழுதும் முன்னரே, வீட்டில் இருப்பவரிடம் நாட்காட்டியைக் காட்டிக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். முடிவு செய்த பின் தெரிவிப்பது கேட்பதாகாது.

தொலைவுக்குப் போகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. டெபியன் அமைப்பினர் பெரிய மாநாட்டைத் தவிர ஆங்காங்கே சிறு மாநாடுகளும் நடத்துகின்றனர். 2023-ஆம் ஆண்டு ஜனவரி 28, 29 தேதிகளில் விழுப்புரத்தில், அங்குள்ள பொறியியல் கல்லூரியில், உள்ளூர்க் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் முயற்சியால் அத்தகைய மாநாடு ஒன்று நடைபெற்றது. பொங்கல் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சனியும் ஞாயிறும், ஆதலால் விடுப்பு வேண்டியதில்லை. நுழைவு அனுமதி இல்லை. கடவுச்சீட்டை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காலையில் பேருந்து ஏறினால் போதும். இரவு சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.